கார்லைல் பள்ளியின் கால்பந்தாட்ட வீரர்கள்

(நம் சங்க மாணவர் விடுதியின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இவ்வாண்டு விளையாட்டிற் பரிசில் பெற்ற மாணவர்க்கு ஏற்றதொரு பொருள் பற்றிச் சில சொல்லுமாறு செயலாளர் அவர்கள் எம்மைப் பணித்தனர். தமிழ் கற்பிக்கும் யாம் பந்தாட்டம் பற்றிப் பேசுவதா என்று சிலர் நகைத்தல் கூடும். பந்தாட்டத்தின் நுட்பங்களை இவ்விளைஞர் எம்மினும் நன்கறிவர். ஆதலின் அவற்றை விடுத்து, பந்தாடிய ஒரு கூட்டத்தாரின் வரலாற்றையே ஈண்டுக் கூற எண்ணினோம்.

ஒருவன் ஆடுகளத்தில் வெற்றி பெற்றால், அவன் ஊரார் ‘இவன் எம்மவன்’ என்பர். பள்ளியார் ‘இவன் எம் மாணவன்’ என்பர். சமூகத்தார் ‘எம் குலவிளக்கு’ என்பர். இங்ஙனம் உரிமை பாராட்டுதல் உலகத்து இயல்பு. அதிற் குற்றமும் இல்லை. ஆயின் அவ்விளைஞன் இடறி வீழ்ந்த நாளில் ‘எம்மவன்’ என்று முன்வந்து நிற்பார் எத்துணையர்? இவ்வினாவை எழுப்பும் வரலாறுகளுள் கார்லைல் பள்ளிக் குழுவின் வரலாறு தலையாயது என்பது எம் கருத்து.

அமெரிக்க ஐக்கிய நாட்டிலே, பென்சில்வேனியா மாகாணத்திலே, கார்லைல் என்னும் சிற்றூர் ஒன்று உளது. அவ்வூரிலிருந்த பழைய படைவீட்டில் 1879-ஆம் ஆண்டில் ‘கார்லைல் இந்தியத் தொழிற்பள்ளி’ நிறுவப்பெற்றது. ஈண்டு ‘இந்தியர்’ என்ற சொல் நம்மைக் குறித்ததன்று. 1492-ஆம் ஆண்டு கடல் கடந்த கொலம்பஸ், தான் அடைந்த நிலம் இந்தியாவே என்று மயங்கி, அங்கு வாழ்ந்த மக்களை இந்தியர் என்று அழைத்தான். அம்மயக்கத்திற் பிறந்த பெயர் பல நூற்றாண்டுகள் அவர்மேல் ஏறி நின்றது. நம் பாடநூல்களும் அவரைச் செவ்விந்தியர் என்று எழுதிவந்தன. அந்நிலத்தின் முதற்குடியினர் என்று வழங்குதலே முறையாகலின், யாம் அங்ஙனமே வழங்குவோம்.

பள்ளியை நிறுவியவர் ரிச்சர்டு ஹென்றி பிராட் என்னும் படை அலுவலர். வெள்ளையரோடு செய்த போர்களில் தோற்று நிலமிழந்த முதற்குடியினர் அழிந்துபோகாமல் இருத்தற்கு ஒரே வழி, அவர்தம் மக்களை வெள்ளையராக்கி விடுதலே என்று அவர் உறுதியாக நம்பினார். அம்மக்களிடத்துள்ள இந்தியனைக் கொன்று மனிதனைக் காத்தல் வேண்டும் என்னும் கருத்துப்பட அவர் 1892-இல் மொழிந்தது இன்றும் இகழ்ந்து பேசப்படுகின்றது. அவர் நல்லெண்ணத்தோடுதான் செய்தார் என்பாரும் உளர். நல்லெண்ணம் ஒன்றே ஒரு செயலை நற்செயல் ஆக்கிவிடாது என்பதற்கு அப்பள்ளியே சான்று.

1879 அக்டோபரில் வந்திறங்கிய முதற் கூட்டத்தில் லக்கோட்டா இனத்துப் பிள்ளைகள் 82 பேர் இருந்தனர். அவர்தம் நீண்ட தலைமயிர் கத்தரிக்கப்பெற்றது, உடை மாற்றப்பெற்றது, தாய்மொழியிற் பேசுதல் விலக்கப்பெற்றது. அக்கூட்டத்தில் வந்த ஓட்டா க்டே என்னும் சிறுவன், பிற்காலத்தில் லூதர் ஸ்டாண்டிங் பேர் என்னும் பெயரோடு நூலாசிரியரானார். கரும்பலகையில் எழுதப்பெற்றிருந்த, பொருள் விளங்காத பெயர்களுள் ஒன்றைக் கோலாற் சுட்டுமாறு ஆசிரியர் பணிக்க, தாம் சுட்டிய பெயரே தமக்கு வாய்த்தது என்று அவர் எழுதியுள்ளார். எழுத்தறியாக் குழந்தை தன் பெயரைத் தானே எழுத்தறியாமல் தேர்ந்துகொண்டது! பெயரிடுதலை ஒரு சடங்காகவே போற்றும் நமக்கு இதன் கொடுமை எளிதிற் புலனாகும்.

அப்பள்ளி நிலவிய 39 ஆண்டுகளில் 140-க்கு மேற்பட்ட இனங்களைச் சார்ந்த 7,800-க்கு மேற்பட்ட பிள்ளைகள் அங்குப் பயின்றனர். நோயாலும் பிறவாற்றாலும் இறந்து, தாய் தந்தையர் முகம் காணாமலே அங்கு அடக்கம் செய்யப்பெற்றோர் 180-க்கு மேற்பட்டோர். இதனை முன்னர்ச் சொல்லாமல் அவர்தம் ஆட்டச் சிறப்பை மட்டும் சொல்லுதல் அறமாகாது.

நிற்க. இனி ஆட்டத்திற்கு வருவோம். அமெரிக்கர் கால்பந்து என்பது நம் இளைஞர் ஆடும் கால்பந்து அன்று. பந்து முட்டைவடிவினது. கட்சிக்குப் பதினொருவர். பந்தைக் கையில் ஏந்தி ஓடி எதிரியின் எல்லைக்கோட்டைக் கடத்தலும், இரு கம்பங்களிடையே பந்தை உதைத்துச் செலுத்தலும் புள்ளி பெறும் வழிகள். ஏந்தி ஓடுவானை எதிரிகள் பாய்ந்து பற்றி வீழ்த்துவர். அக்காலத்தில் இது பெரிதும் வன்மையான ஆட்டம். கை கால் முறிதலும் சில வேளை உயிர்ச்சேதமும் நிகழ்ந்தன.

கார்லைல் மாணவன் ஒருவனுக்குக் கால் முறிந்தமையால் பிராட் இவ்வாட்டத்தை முதலில் தடுத்தார். பின்னர் மாணவர் திரண்டு சென்று முறையிட்டனர். அவர் இரண்டு நிபந்தனைகள் விதித்து இசைந்தார். எதிரி அடித்தாலும் நீங்கள் திருப்பி அடித்தல் கூடாது என்பது ஒன்று. சில ஆண்டுகளுக்குள் நாட்டின் தலைசிறந்த குழுவை வெல்லுதல் வேண்டும் என்பது மற்றொன்று. இவற்றுள் முதலாவதனை நினைமின். தம் நிலத்தைப் பறித்தாரின் மைந்தரோடு, உடல் வலியே முதலாகிய ஓர் ஆட்டத்தில் இறங்குவோர், சினம் அடக்கி ஆடுதல் வேண்டும்! அவர் சினந்து ஒருமுறை கையோங்கினும் ‘காட்டுமிராண்டிகள்’ என்று செய்தித்தாள்கள் எழுதக் காத்திருந்தன. ஒவ்வோர் ஆட்டத்திலும் தம் இனம் முழுவதன் நற்பெயரும் அவர் தோள்மேல் ஏறியிருந்தது.

கார்லைல் ஒரு கல்லூரியன்று. தொழிலும் தொடக்கக் கல்வியும் கற்பிக்கும் பள்ளியே. ஆயினும் அதன் குழு பொருதது பெருங்கல்லூரிகளோடு. 1896-ஆம் ஆண்டில் பிரின்ஸ்டன், யேல், ஹார்வர்டு, பென்சில்வேனியா என்னும் நான்கு பெருங் குழுக்களையும் ஒன்றன்பின் ஒன்றாக அவர் எதிர்த்தனர். நான்கிலும் தோல்வியே. ஆனால் யேலோடு ஆடிய ஆட்டத்தின் தோல்வி வெற்றியினும் புகழ் தந்தது. ஜேமிசன் என்னும் மாணவன் தன்னைப் பற்றியவரை உதறி ஓடி எல்லைக்கோட்டைக் கடந்தான். அதற்குள் நடுவர் ஊதல் ஊதி, ஆட்டம் முன்னரே நின்றுவிட்டது என்று அப்புள்ளியைத் தள்ளினார். அந்நடுவர் யேலிற் பயின்றவர். கார்லைல் குழுவிற்கே பயிற்சியும் அளித்து வந்தவர். கூடியிருந்தோர் நடுவரை இகழ்ந்து ஆரவாரித்தனர். களம் விட்டு வெளியேற நினைத்த மாணவரைப் பிராட் தடுத்து மீண்டும் ஆடச் செய்தார். முடிவு 12-க்கு 6. அன்றைய குழுவின் தலைவர் செனெகா இனத்தவராகிய பீமஸ் பியர்ஸ்.

மூன்று ஆண்டு கழித்து, 1899-இல், கிளென் வார்னர் என்பவர் பயிற்சியாசிரியராக வந்தார். ‘பாப்’ வார்னர் என்று உலகம் அழைப்பது இவரையே. அவ்வாண்டே பென்சில்வேனியாவை 16-க்கு 5 என்று கார்லைல் வென்றது. பிராட் விதித்த இரண்டாம் நிபந்தனை நிறைவேறியது. அவ்வாண்டின் ஐசக் செனெகா என்னும் வீரர், நாட்டின் தலைசிறந்த பதினொருவருள் ஒருவராகத் தேர்ந்தெடுக்கப்பெற்றார். முதற்குடியினருள் அச்சிறப்பை முதற்கண் பெற்றவர் அவரே.

உடற்பருமனில் எதிரிகளினும் சிறியராதலின், கார்லைல் வீரர் விரைவையும் நுண்ணறிவையும் துணைக்கொண்டனர். 1903-ஆம் ஆண்டு ஹார்வர்டுக்கு எதிரே அவர் செய்த சூழ்ச்சி இன்றும் பேசப்படுகின்றது. எதிரி உதைத்த பந்தை ஜிம்மி ஜான்சன் பற்றினார். மற்றையோர் அவரைச் சூழ்ந்து மறைத்தனர். சார்லஸ் டில்லனின் சட்டைப் பின்புறத்தில் முன்னரே தைத்து வைத்திருந்த இடத்தில் பந்து செருகப்பெற்றது. பின்னர் அனைவரும் பல திசையில் ஓடினர். ஹார்வர்டு வீரர் பந்து யாரிடம் உள்ளது என்று அறியாது வெறுங்கையரைத் துரத்த, டில்லன் கூனனைப் போல் ஓடி எல்லை கடந்தார்! கூட்டம் வயிறு குலுங்க நகைத்தது. அன்றைய ஆட்டத்தின் விதிகள் அதனைத் தடுக்கவில்லை. எனினும் இறுதியில் ஹார்வர்டே 12-க்கு 11 என ஒரு புள்ளியால் வென்றது.

1906-ஆம் ஆண்டில் பந்தை முன்னோக்கி எறிதலை ஆட்ட விதி ஏற்றது. பெருங் குழுக்கள் அதனை ஐயத்தோடு நோக்கியிருக்க, கார்லைல் அதனை ஒரு கலையாகவே வளர்த்தது. 1907-ஆம் ஆண்டில் பீட்டர் ஹவுசரும் டஸ்கரோரா இனத்தவராகிய பிராங்க் மவுண்ட் பிளெசண்டும் பந்தைச் சுழற்றி நெடுந்தூரம் எறிய, டெலவேர் இனத்தவராகிய ஆல்பர்ட் எக்சென்டைன் ஓடிப் பற்றினார். அவ்வாண்டு பென்சில்வேனியா 26-க்கு 6, ஹார்வர்டு 23-க்கு 15, சிகாகோ 18-க்கு 4 என்று தோற்றன. கார்லைல் தோற்றது பிரின்ஸ்டனிடம் மட்டுமே. இற்றைநாளில் அமெரிக்கர் கண்டு களிக்கும் எறிபந்து முறைக்கு வழிகாட்டியவருள் இவ்விளைஞரும் அடங்குவர். எக்சென்டைன் பிற்காலத்தில் சட்டம் கற்றுப் பல கல்லூரிக் குழுக்களுக்குப் பயிற்சியாசிரியராகவும் விளங்கினார்.

இனி, இவர் அனைவரினும் புகழ் பெற்ற ஒருவரைக் கூறுவோம். ஜிம் தார்ப் சாக்-பாக்ஸ் இனத்தில் தோன்றியவர். அவர் இனத்தார் அவர்க்கு இட்ட பெயர் வா-தோ-ஹக். ஒளிபொருந்திய வழி என்பது அதன் பொருள். இளமையிலேயே தம்மோடு ஒருசேரப் பிறந்த உடன்பிறந்தானையும் பின்னர்த் தாயையும் இழந்தார். 1904-ஆம் ஆண்டு கார்லைலுக்கு வந்தார். தந்தையும் விரைவில் இறந்தார். ஒருநாள் வேலையுடையோடு களத்தருகே சென்றவர், உயரந் தாண்டுவோர் தாண்டமாட்டாத கோலைத் தாம் எளிதிற் தாண்டி நகைத்துச் சென்றார் என்றும், அதுவே வார்னரின் கண்ணில் அவரைப் படுத்தியது என்றும் கூறுவர்.

1911 நவம்பரில் ஹார்வர்டோடு நிகழ்ந்த ஆட்டத்தில் தார்ப் காலிற் கட்டோடு இறங்கினார். நோவுற்ற அக்காலினாலேயே நான்கு முறை கம்பங்களிடையே பந்தைச் செலுத்தினார். கார்லைல் 18, ஹார்வர்டு 15. நாட்டின் செல்வமும் கல்வியும் குடிகொண்ட அக்கல்லூரியின் மண்ணிலேயே பெற்ற வெற்றி இது.

மறு ஆண்டு நவம்பர் 9-ஆம் நாள் வெஸ்ட் பாயிண்ட் என்னும் இராணுவக் கல்லூரியோடு ஆட்டம். அமெரிக்கப் படைத்தலைவர்களை உருவாக்கும் இடம் அது. லக்கோட்டா மக்கள் ஆடவரும் பெண்டிரும் சிறாருமாகப் படைஞராற் கொல்லப்பட்ட உண்டட் நீ என்னும் நிகழ்ச்சி நடந்தது 1890-இல். இடையே கழிந்தன 22 ஆண்டுகளே. ஆட்டத்திற்குமுன் வார்னர் தம் மாணவரை நோக்கி, உங்கள் முன்னோரோடு பொருதவர்களின் மைந்தர் எதிரே நிற்கின்றனர் என்று நினைவூட்டினார் என்பர். அங்ஙனம் கூறாதிருப்பினும் அம்மாணவர் அதனை மறந்திரார்.

அன்று தார்ப் பந்தோடு நெடுந்தூரம் ஓடி எல்லை கடந்தது, தம் கட்சியான் ஒருவன் விதி மீறினான் என்ற காரணத்தால் தள்ளப்பெற்றது. அவர் மனந்தளராது மீண்டும் மீண்டும் ஓடினார். எதிரிகள் அவரையே நோக்கிக் குவிய, அலெக்ஸ் அர்காசா என்னும் தோழர் அந்த வாய்ப்பைக் கொண்டு புள்ளிகளைக் குவித்தார். குழுவை நடத்தியவர் ஓஜிப்வே இனத்தவராகிய கஸ் வெல்ச். சினம் மீறி முறைகேடாகத் தாக்கியமையால் களத்திலிருந்து விலக்கப்பட்டவர் இராணுவக் கல்லூரிக் குழுவின் தலைவரே! பிராட் விதித்த முதல் நிபந்தனையைக் காத்தவர் யாவர் என்பது அன்று உலகிற்குத் தெரிந்தது. கார்லைல் 27, இராணுவக் கல்லூரி 6. தார்ப்பைப் பற்ற முயன்று தோற்றவருள் டுவைட் ஐசனோவர் என்னும் மாணவரும் ஒருவர். அவரே பிற்காலத்தில், 1953 முதல் 1961 வரை, அந்நாட்டின் தலைவராக வீற்றிருந்தவர்.

அதே 1912-ஆம் ஆண்டின் கோடையில் ஸ்டாக்ஹோம் நகரத்து ஒலிம்பிக் பந்தயத்தில், பென்டாத்லான் எனப்படும் ஐவகைப் போட்டியிலும் டெகாத்லான் எனப்படும் பதின்வகைப் போட்டியிலும் தார்ப் முதற்பரிசு பெற்றிருந்தார். ஹோப்பி இனத்தவராகிய லூயிஸ் டெவானிமா என்னும் கார்லைல் மாணவர் பதினாயிரம் மீட்டர் ஓட்டத்தில் இரண்டாமவரானார். அமெரிக்கா முழுவதும் அவரை ‘எம்மவர்’ என்று கொண்டாடியது. அப்பொழுது அந்நாட்டு முதற்குடியினருட் பலர்க்குக் குடியுரிமையே இல்லை. அனைவர்க்கும் அது வந்தது 1924-ஆம் ஆண்டில்.

அன்பர்காள்! யாம் முதலில் எழுப்பிய வினா இங்கே வந்து நிற்கின்றது. 1913 ஜனவரியில் ஒரு செய்தி வெளிவந்தது. 1909, 1910 ஆகிய ஆண்டுகளின் கோடையில் தார்ப் வட கரோலினாவில் சிறு ஊதியம் பெற்றுப் பேஸ்பால் ஆடினார் என்பது அது. ஊதியத்திற்கு ஆடினவர் ஒலிம்பிக்கில் கலத்தல் அன்றைய விதிக்கு மாறு. கல்லூரி மாணவர் பலர் அங்ஙனம் கோடையில் ஆடியதுண்டு. அவர் மாற்றுப் பெயரில் ஆடினர். தார்ப் தம் சொந்தப் பெயரிலேயே ஆடினார், ஆகவே அகப்பட்டார். தம் செயலை மறைக்காமல் ஒப்புக்கொண்டு, தாம் சூதறியாத பள்ளி மாணவன் என்று கருதிப் பொறுக்குமாறு கடிதம் எழுதினார். பள்ளித் தலைவரும் பயிற்சியாசிரியரும் தமக்கு இது தெரியவே தெரியாது என்றனர். வரலாற்றாசிரியர் பலர் இதனை நம்புகின்றிலர். தெரிந்தோ தெரியாமலோ, அவர் இருவரும் ஒதுங்கினர்; பழி முழுவதையும் பெற்றோரற்ற அவ்விளைஞர் ஒருவரே சுமந்தார். பந்தயம் முடிந்து 30 நாளுக்குள் முறையிடுதல் வேண்டும் என்னும் விதியும் கருதப்படவில்லை. பதக்கங்கள் பறிக்கப்பட்டன.

தோழர் வாய் திறவாமல் இருந்துவிடவில்லை. கஸ் வெல்ச் பள்ளி நிர்வாகத்தின் சீர்கேடு பற்றி 200-க்கு மேற்பட்ட மாணவரிடம் கையொப்பம் பெற்று அரசினர்க்கு விண்ணப்பித்தார். 1914-ஆம் ஆண்டு அமெரிக்கக் காங்கிரஸ் குழு விசாரணை நடத்தியது. கால்பந்தாட்டத்தால் வந்த பெரும் பணம் முறையான மேற்பார்வையின்றிச் செலவிடப்பட்டதும், மாணவர் வன்மையாக நடத்தப்பட்டதும் வெளிப்பட்டன. தலைவர் விலக்கப்பெற்றார், வார்னரும் வேறு கல்லூரி சேர்ந்தார். மாணவர் ஓடி உழைத்து ஈட்டிய பணத்திற்கு மாணவரே கணக்குக் கேட்டது அக்குழுவின் வரலாற்றில் ஆட்டங்கள் எல்லாவற்றினும் சிறந்த வெற்றி என்று யாம் கருதுகின்றோம். 1918-இல் பள்ளி மூடப்பெற்று, அவ்விடம் போரிற் புண்பட்டார்க்கு மருத்துவமனையாயிற்று.

தார்ப் பின்னர் ஊதிய ஆட்டங்களில் விளங்கி, 1920-ஆம் ஆண்டு தொழிற்கால்பந்துச் சங்கத்தின் முதல் தலைவருமானார். எனினும் வறுமையோடு போராடி 1953-இல் மறைந்தார். அதன்பின் நடந்தது வியப்பும் வருத்தமும் தருவது. அவர் வாழ்ந்தறியாத பென்சில்வேனியச் சிற்றூர் ஒன்று, அவர் உடலை அடக்கம் செய்ய இடமளித்து, 1954-இல் தன் பெயரையே ஜிம் தார்ப் என்று மாற்றிக்கொண்டது. அவ்வுடலைத் தம் இனத்து மண்ணுக்குக் கொணர அவர் மைந்தர் தொடுத்த வழக்கும் பயன்படவில்லை. உயிரோடிருந்தபோது விலகியவர் பலர். இறந்தபின் ‘எம்மவர்’ என்றவர் பலர்! பதக்கத்தின் உரிமை 1982-இல் ஒருவாறு மீண்டது. அப்போதும் இணை வெற்றியாளர் என்றே எழுதினர். அவரே தனி வெற்றியாளர் என்று ஒலிம்பிக் சங்கம் ஏற்றது 2022-ஆம் ஆண்டில். பறித்து 109 ஆண்டு கழிந்தபின். அப்பள்ளி இடுகாட்டிலிருந்து பிள்ளைகளின் எலும்புகளை அவர்தம் இனத்தார் வாங்கிச் செல்லுதல் 2017 முதல் நிகழ்கின்றது. 2024 டிசம்பரில் அவ்விடம் தேசிய நினைவிடமாக அறிவிக்கப்பெற்றது.

இவ்வரலாற்றை இவ்விடுதியில் யாம் ஏன் கூறினோம்? நம் நிலையும் அம்மக்கள் நிலையும் ஒன்று என்று கூறேம்; அங்ஙனம் கூறுதல் அவர் பட்ட துயரைச் சிறுமைப்படுத்துவதாகும். ஆயின் பிறர் பிள்ளைகளை ஓரிடத்திற் சேர்த்து வளர்க்கும் பொறுப்பு நம் சங்கத்துக்கும் உண்டு. ஆதலின் பெரியோர்க்கு மூன்று விண்ணப்பம் செய்துகொள்கின்றோம்.

விடுதிக்கு வரும் சிறுவனின் பெயரையோ, வீட்டுப் பேச்சையோ, ஊரையோ எவரும் எள்ளி நகைத்தல் கூடாது. ஆங்கிலமும் விஞ்ஞானமும் அவன் கற்கட்டும். அவற்றைக் கற்றற்கு விலையாகத் தன் தாய் தந்தையரை நாணுதல் வேண்டா. இஃது ஒன்று.

விளையாட்டு நிதிக்கென அன்பர் தரும் பொருளின் வரவு செலவு, விடுதி மாணவர் அனைவரும் படிக்கும்படி ஆண்டுதோறும் நம் மாத இதழில் வெளிவருதல் வேண்டும். கணக்குக் கேட்கும் மாணவனை அடங்காதவன் என்னாமல், அறிவுடையவன் என்று பாராட்டுவோமாக. இஃது இரண்டு.

மூன்றாவதே தலையாயது. நம் இளைஞன் ஒருவன் வென்று வரும்போது மாலையோடு செல்வதற்கு ஆள் குறைவில்லை. அவன் தோற்று வரும்போதும், தவறு செய்து தலைகவிழ்ந்து நிற்கும்போதும், ‘எமக்கு ஒன்றும் தெரியாது’ என்று சங்கத்துப் பெரியோர் ஒதுங்குதல் கூடாது. தவறு தவறே, அதனைத் திருத்துவோம். திருத்துபவர் அவன் அருகில் நின்று திருத்துதல் வேண்டும்.

இளைஞர்காள்! உங்களுக்கும் ஒரு சொல். குலப்பெருமை முழுவதும் உங்கள் தோள்மேல் உள்ளது என்று எவரேனும் கூறினால் அஞ்சற்க. உங்கள் கடன் நேர்மையாக ஆடுதல். அர்காசா புள்ளி பெறத் தார்ப் எதிரிகளைத் தம்பால் இழுத்ததுபோலத் தோழனுக்கு வழி விடுமின். வெல்ச் செய்ததுபோல முறைகேடு கண்டவிடத்து ஒன்றுகூடி அஞ்சாது உரைமின். உங்களைத் தாங்குவது எங்கள் கடன். அக்கடனை நாம் மறவாதிருக்க இறைவன் அருள்வானாக.